பிகெட் அரை அடி தாமதம்

ஜூலை 28, திங்கள்

அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சி முகாமின் ஐந்தாம் நாள். காலை முழுக்க இருட்டறையில் வீடியோ. தடுப்பு அணியில் லைன்பேக்கர்கள் ஒன்பது பேர். ஆறு பேருக்குத்தான் அணியில் இடம். எதிரணி பந்தை எடுத்துக்கொண்டு ஓடப் போகிறதா, பாஸ் எறியப் போகிறதா என்று கண் இமைப்பதற்குள் கண்டுபிடித்து அங்கே போய் நிற்பது அவர்கள் பிழைப்பு. அதற்குப் பிளஸ், மைனஸ் போடுவது என் பிழைப்பு.

கீனன் பிகெட். வயது இருபத்து மூன்று, இரண்டாம் வருடம். பலம்: பிடித்தால் விடமாட்டான். பலவீனம்: வேகம் இல்லை, எங்கே போனாலும் அரை அடி தாமதம். இனி வளர்வானா? சந்தேகம்.

பக்கத்தில் நிற்கும் டிரெஸ்லருக்குப் பதினொரு பிளஸ். பந்து வரும் இடத்துக்கு முன்கூட்டியே போய் நிற்கிறான். என்ன மோப்பம்!

ஜூலை 31

பிகெட், மைனஸ் ஏழு. நல்ல பையன். போன வருடமும் ஒரு நல்ல பையனுக்குச் சிபாரிசு செய்துதான் பட்டேன்; மூன்றே வாரத்தில் வீட்டுக்குப் போனான். லைன்பேக்கர்களின் கோச் பிரிஸ்கோ, என் மேலதிகாரி, இன்னும் அதை விடவில்லை. சாப்பாட்டு வரிசையில் எல்லார் காதிலும் விழும்படி, "ஆர்வில், இந்த வருஷம் உன் மாணிக்கம் யாருப்பா?" என்றார்.

பிகெட் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வீடியோ கிடையாது. ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், தடுப்பு அணிக்கு நேர் பின்னால் வெயிலில் உட்கார்ந்தேன். எத்தனை வருடம் ஆயிற்று!

பந்து கிளம்பும் முன் ஒரே கத்தல். ஒரே ஆளின் கத்தல். பிகெட்.

"டிரெஸ்லர், இடது பக்கம் போ, இடது! எதிர்ல குனிஞ்சிருக்கற தடியன் தரைல ஊணின விரல் முட்டியப் பாரு, வெளுத்திருக்கு. மொத்த வெயிட்டும் கைல இருக்கு. ஓடத்தான் போறானுங்க! போடா!"

டிரெஸ்லர் போனான். பந்தோடு ஓடி வந்தவன் நேராக அவன் மேலேயே வந்து மோதினான். எல்லாரையும் இடம் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் பிகெட் கிளம்பினான். அரை அடி தாமதமாக.

எங்கள் வீடியோவில் சத்தம் கிடையாது.

இருபத்தாறு வருஷமா ஊமைப் படம் பாத்து மார்க் போட்டுட்டிருக்கேன் — ஒரு நாள்கூட இது தோணலையே? யார் மார்க்கை யாருக்குப் போட்டேன்? இப்படி எத்தனை பேரை அனுப்பினேனோ.

ஆகஸ்ட் 6

பிரிஸ்கோவிடம் போய் நின்றேன்.

"போன வாரம் வேண்டாம்னே, இந்த வாரம் வேணுங்கறே. வெயில் மண்டைல ஏறிடுச்சா?"

"ஏறிடுச்சு. சனிக்கிழமை மேட்ச்ல ரெண்டு பேரையும் பிரிச்சு ஆட விடுங்க. அப்புறம் திட்டுங்க."

ஆகஸ்ட் 9, வெளியூர்

பிகெட் பக்கத்தில் இல்லாத டிரெஸ்லர்: ஐந்து மைனஸ். பிகெட்டோடு ஆடிய ஒருவன், எனக்குப் பெயர்கூட நினைவில்லை, நாலு பிளஸ்!

பிரிஸ்கோ ஒத்துக்கொண்டார். ஆனால் விடவில்லை. "இங்க அவங்க பந்து வெச்சிருக்கறப்ப அவங்க ஆளுங்க பேசறது கேக்கணும்னு அவங்க கூட்டம் வாயத் தொறக்காது. நம்ம ஊர்ல? எதிராளி பந்தத் தொட்டாலே எழுபதாயிரம் பேர் கத்துவானுங்க. இவன் தொண்டை எவனுக்குக் கேக்கும்?"



ஆகஸ்ட் 11

கூட்டச் சத்தத்தில் என்ன செய்வாய் என்று பிகெட்டிடமே கேட்டேன். முதலில் அவனை வேண்டாம் என்று எழுதியது நான்தான் என்றும் சொன்னேன்.

"தெரியும் கோச். எல்லாருக்குந்தான் தெரியும்." சிரித்தான். பிறகு, "கை இருக்கில்ல கோச்? ஹெல்மெட்டத் தட்டினா ஓட்டம், தொடையத் தட்டினா பாஸ். வாரா வாரம் மாத்திக்கலாம். ஆனா பத்து பேரும் என்னத் திரும்பிப் பாக்கணும். அதுதான் கஷ்டம்."

"டிரெஸ்லர் பாப்பானா?"

உதட்டைப் பிதுக்கினான்.

ஆகஸ்ட் 19

பயிற்சியின்போது ஒலிபெருக்கியில் கூட்டச் சத்தம். காது கிழிகிறது. பிகெட் ஹெல்மெட்டைத் தட்டினால் ஆறு பேர் பார்க்கிறார்கள். டிரெஸ்லர் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆள் குறைக்கும் நாள். காலையிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டு அனுப்புகிறார்கள்.

பலவீனத்தை என் அறிக்கையில் மாற்றவில்லை. வேகம் இல்லை, அது உண்மை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தேன்: 'இவன் இருந்தால் மற்ற பத்துப் பேருக்கும் வேகம் கூடும்.'

நாலு மணிக்குப் பட்டியல் வந்தது. ஆறாவது பெயர் பிகெட்.

"இவன் சொதப்பினா ரெண்டு பேரும் ஒரே வண்டில கிளம்புங்க" என்றார் பிரிஸ்கோ.

சந்தோஷம். பயம். சந்தோஷம்தான் அதிகம்.

செப்டம்பர் 7, ஞாயிறு

சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம். நடு லைன்பேக்கருக்கு முதல் பாதியிலேயே தொடை பிடித்துக்கொண்டது. பிகெட் உள்ளே. ஜெயிச்சுட்டோம்! மேலே கோச்சுகள் உட்காரும் அறையிலிருந்து பார்த்ததில் கூட்டம் எழுந்து நின்றதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 8

வீடியோ. பிகெட் உள்ளே இறங்கிய புதிதில் மூன்று, நான்கு தலைகள்தான் அவன் பக்கம் திரும்புகின்றன. டிரெஸ்லர் தன் போக்கில் ஓடி இரண்டு தடவை ஏமாறுகிறான். இரண்டாம் பாதியில் பந்து கிளம்பும் முன் பத்து ஹெல்மெட்டும் பிகெட் பக்கம் திரும்புகின்றன.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே டிரெஸ்லர் கதவைத் தட்டினான். இந்த அறைக்கு அவன் வந்ததே இல்லை.

"எனக்கு எத்தனை பிளஸ் கோச்?"

"பதினாலு."

"பாதிய அவனுக்குப் போடுங்க. அது அவனோடது."

மார்க் தாளில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஸ்கேலை எடுத்துப் புதுக் கட்டத்துக்குக் கோடு போட்டேன்.