இருபத்திரண்டாவது நிமிடம்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நீயும் மாமாவும் சௌக்கியம்தானே? போனை எடுத்துப் பேசாமல் இவ்வளவு நீளமாக மெயில் எழுதுகிறாளே என்று நினைப்பாய். போனில் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு இவரும் இப்போது வீட்டிலிருந்துதான் வேலை பார்க்கிறார். நடுவில் ஒரே ஒரு சுவர். எழுதினால் யார் காதிலும் விழாது.

எங்கள் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியை இடித்துக் கட்டுகிறார்கள் என்று சொல்லியிருந்தேன். அதனால் ஒன்பதாம் வகுப்புக்கு இந்த வருடம் முழுக்க ஆன்லைனில்தான் பாடம். சனிக்கிழமை காலையில் மட்டும் பிள்ளைகள் கீழே இருக்கும் ஆய்வகத்துக்கு வந்து செய்முறைப் பயிற்சி செய்துவிட்டுப் போவார்கள். இருபத்தோரு வருடம் கரும்பலகை முன்னால் நின்று அறிவியல் நடத்தியவள் நான். மகள் விடுதிக்குப் போனபின் காலியாகக் கிடக்கும் அவள் அறையில் உட்கார்ந்து, முப்பத்தாறு சின்னக் கட்டங்களைப் பார்த்துப் பேசுகிறேன். அதிலும் பாதி கறுப்பாக இருக்கும். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துக் குரல் கொடுப்பது போல இருக்கும்.

தலைமையாசிரியை எங்கள் எல்லோரையும் ஓர் இணையவழிப் பயிற்சியில் சேரச் சொன்னார். ஏதோ தூரத்துப் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்காக இலவசமாக நடத்துவது. ஆறு வாரம். ஆன்லைனில் பாடம் நடத்துவதோடு, நடத்தியதைத் திரும்பிப் பார்த்து யோசிக்கவும் கற்றுக்கொடுக்கிறார்களாம். சான்றிதழ் வாங்காதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை நீட்டிப்பு சந்தேகம் என்று ஆசிரியர் அறையில் பேச்சு. முணுமுணுத்துக்கொண்டேதான் சேர்ந்தேன். ஆனால் பிடித்துப்போய்விட்டது, அக்கா. வாரம் ஒரு வகுப்பைப் பதிவு செய்து நாமே பார்க்க வேண்டும். என்ன பார்த்தேன், ஏன் அப்படி, எதை மாற்றுவேன் என்று மூன்று தலைப்பில் எழுத வேண்டும். முதல் தடவை சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள், பேச்சைக் கேட்காதபோதுதான் செய்வது கண்ணில் படும் என்றார் வழிகாட்டி அம்மா.

அப்படிப் பார்த்துத்தான், நான் கேள்வி கேட்டுவிட்டு மூச்சு விடுவதற்குள் நானே பதிலும் சொல்லிவிடுகிறேன் என்று இரண்டாம் வாரம் கண்டுபிடித்தேன். இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்கு ஆறு வாரப் படிப்பா, என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே" என்றார். இனி கேள்வி கேட்டால் மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத்தான் வாய் திறப்பது என்று குறிப்பில் எழுதினேன்.

நேற்று மத்தியானம் மூன்றாம் வாரப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். இருபத்திரண்டாவது நிமிடத்தில் பேச்சை நிறுத்தினேன். அட, காத்திருக்கிறேனே என்று முதலில் எனக்கே பெருமையாக இருந்தது. ஐந்து நொடி ஆயிற்று. பத்து ஆயிற்று. நெட் நின்றுவிட்டது போல என்று நினைத்தேன். ஆனால் எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் நொடி முள் ஓடிக்கொண்டே இருந்தது. மூக்குக் கண்ணாடியின் கயிற்றை என் வலது கை திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தது. வாயில் ஒன்றும் இல்லாமலே எதையோ மெல்லுவது போலத் தாடை அசைந்தது. கண் நேராகக் கேமராவைப் பார்த்தது. அந்தக் கண்ணுக்குப் பின்னால் ஆளே இல்லை.

முப்பத்தெட்டு நொடி. அதன்பின் தலையை லேசாக உதறிக்கொண்டு மறுபடி பேச ஆரம்பித்தேன். சத்தத்தை வைத்துக் கேட்டேன். "சரி, எங்க விட்டேன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறேன்.

அந்த முப்பத்தெட்டு நொடி எனக்கு நினைவில் இல்லை. யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், அப்படி ஒன்று நடந்ததாகவே தெரியவில்லை. முதல் வாரப் பதிவைத் தேடி எடுத்தேன். அன்று அவசரத்தில் ஓட்டி ஓட்டிப் பார்த்திருக்கிறேன். அதிலும் ஓர் இடத்தில், இருபது நொடி.

மறதி நோயா, தலைக்குள் ஏதாவது கட்டியா, என்னவென்று நினைப்பது? இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருக்கிறது. நீயும் மாமாவிடம் சொல்லாதே. சும்மா இரண்டு வரி எழுது.

உன் தங்கை

*

அன்புள்ள அக்கா,

உன் பதில் வந்தது. தூக்கம் கெட்டிருக்கும், ரத்தம் குறைவாக இருக்கும், ரெண்டு நாள் லீவு போடு என்று எழுதியிருந்தாய். அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டு ஒரு தப்பும் செய்தேன்.

பதிவைப் பயிற்சியில் இன்னொரு ஆசிரியருக்கு அனுப்பி அவர் கருத்தை வாங்க வேண்டும். எனக்குக் கிடைத்த ஜோடி வேறொரு ஊரில் இயற்பியல் நடத்துபவர். நேரில் பார்த்ததில்லை. எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் மூன்று புள்ளி வைப்பது அவர் பழக்கம். நான் அந்த முப்பத்தெட்டு நொடியை மட்டும் வெட்டிவிட்டு அனுப்பினேன். மறுநாளே எழுதினார்: "பாடம் அருமை... ஆனா இருபத்திரண்டாவது நிமிஷத்துல கடிகாரம் குதிக்குது... வெட்டிட்டீங்களா..." எனக்கு முகம் சுட்டது. கீழே இன்னொரு வரி இருந்தது. "நானும் முதல் வாரம் வெட்டினேன்... ஒரு பொண்ண அழ வச்சிருந்தேன்... அத யாரும் பார்க்கக் கூடாதுன்னு..."

ஏனோ அவரிடம் மறைக்கத் தோன்றவில்லை. முழுப் பதிவையும் அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை காலை நான் ஆய்வகத்துக்குக் கிளம்பும்போது பதில் வந்தது. "டீச்சர், இது யோசனை இல்லை. இன்னைக்கே டாக்டரைப் பாருங்க." ஒரு புள்ளிகூட அதிகமாக இல்லை. அதைப் பார்த்துத்தான் ரொம்பப் பயந்தேன்.

ஆனாலும் ஆய்வகத்துக்குப் போனேன். அன்றைக்கு அமிலத்தைக் காரத்தோடு சேர்க்கும் பயிற்சி. அந்த வாரக் குழுவின் பன்னிரண்டு பிள்ளைகள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள். எட்டிப் பார்க்கிற ஆர்வத்தில் ஒருத்தி பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருக்கிறாள். அமிலப் பாட்டிலின் மூடியைத் திறந்து கையில் எடுத்தேன். இப்போது அது வந்தால் என்று நினைத்தேன். கையில் பாட்டிலோடு முப்பத்தெட்டு நொடி, நான் இல்லாமல்.

மூடியைத் திருகி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். இன்றைக்கு எழுத்து வேலை மட்டும்தான் என்றேன். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போயிற்று.

எல்லோரும் போனபின் வானொலி என்கிற பெண்ணை மட்டும் நிறுத்திவைத்தேன். வாய் ஓயாமல் பேசுவதால் வகுப்பே அவளுக்கு வைத்த பெயர் அது. பதிவில் நான் நின்றுபோகும்போதெல்லாம் அவள் குரல்தான் கேட்கிறது. ஏதாவது சந்தேகம் கேட்கிறாள், தண்ணீர் குடிக்கப் போகட்டுமா என்கிறாள், என்னத்தையோ வளர்த்துக்கொண்டே போகிறாள். ஏம்மா அப்படி என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "திட்டக்கூடாது டீச்சர். போன வருஷம் எட்டாவதுக்கும் நீங்கதானே எடுத்தீங்க, அப்போலேர்ந்தே எங்களுக்குத் தெரியும். நீங்க அப்படி நின்னுட்டா யாரும் சிரிக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம். நான் பேசிட்டே இருப்பேன். கொஞ்ச நேரத்துல நீங்க வந்துடுவீங்க."

வந்துடுவீங்க. அப்படித்தான் சொன்னாள், அக்கா. ஒரு வருடமாக நான் எங்கேயோ போய்ப் போய் வந்துகொண்டிருக்கிறேன். முப்பத்தாறு பிள்ளைகளும் வாசலில் காவல் இருந்திருக்கிறார்கள். எனக்கு மட்டும் தெரியாது.

திங்கட்கிழமை தலைமையாசிரியையிடம் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டினேன். வேலை போனாலும் போகட்டும் என்ற தைரியம் எல்லாம் எனக்கு இல்லை. அந்த நெற்றிக் கண்ணாடிக்காரி கண்ணுக்குள்ளேயே நின்றாள், அவ்வளவுதான். தலைமையாசிரியை இரண்டு தடவை பார்த்தார். "ஆன்லைன் வகுப்ப நீங்களே எடுங்க. ஆய்வகம் இப்போதைக்கு வேண்டாம். வருஷக் கடைசியில பார்க்கலாம்" என்றார். பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் இவரிடம் சொல்லப்போகிறேன். எனக்காக வேண்டிக்கொள்.

உன் தங்கை

*

அன்புள்ள அக்கா,

மூன்று வாரமாக எழுதவில்லை. போனில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று மழுப்பிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. முழுதாகத் தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

நரம்பு மருத்துவரிடம் போனோம். நல்லவேளையாகப் பதிவைக் கொண்டுபோனேன். வாயால் சொல்லியிருந்தால் எனக்கென்ன தெரியும், என்ன சொல்லியிருப்பேன்? அவர் என் தாடை அசைவதையும் கை கயிற்றைத் திருகுவதையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். தலையில் ஒயர்களை ஒட்டி ஒரு சோதனை, குகை மாதிரி ஒரு இயந்திரத்துக்குள் படுக்கவைத்து ஒரு சோதனை. கட்டி இல்லை. மறதி நோயும் இல்லை. வலிப்பு என்றார். நான் ஒரு நாளும் கீழே விழவில்லையே என்றேன். "விழுந்து துடிக்கறது மட்டும் வலிப்பு இல்லைங்க. இப்படிச் சத்தமே இல்லாமலும் வரும். வந்தவங்களுக்கே தெரியாது" என்றார். வேளை தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் அநேகமாக அடங்கிவிடுமாம். அந்த "அநேகமாக"வைப் பிடித்துக்கொண்டு இவர் நாலு கேள்வி கேட்டார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியதும் கிளப்பாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "நான் பேசும்போது நீ பாதியில காது கேட்காத மாதிரி இருப்பியே, திமிருன்னு நினைச்சேன். எத்தனை தடவை அதுக்குச் சண்டை போட்டிருக்கேன்" என்றார். எல்லாத் தடவையும் நோய் இல்லை, சில தடவை திமிர்தான் என்றேன். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன். ஒரு வகுப்பு முழுக்க மூளையைப் பற்றித்தான் நடத்தினேன். இனிமேல் டீச்சர் நின்றுபோனால் மூடி மறைக்க வேண்டாம், மணியைக் குறித்துக்கொண்டு பக்கத்து அறையில் இருக்கும் இவருக்குப் போன் போடு என்று வானொலிக்கு நம்பர் கொடுத்திருக்கிறேன். பயிற்சியின் கடைசிக் குறிப்பில், எதை மாற்றுவேன் என்ற தலைப்பின் கீழே இதைத்தான் எழுதினேன். பதினெட்டு நாளாக அது வரவில்லை. வரவில்லை என்றும் சொல்ல முடியாது, வந்தால் எனக்கே தெரியாதே. ஒவ்வொரு வகுப்பையும் பதிவு செய்து சாயங்காலம் உட்கார்ந்து பார்க்கிறேன்.

இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருப்பேன். சொல்ல வாய் வராதது இனிமேல்தான் இருக்கிறது.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று மருத்துவர் கேட்டார். சட்டென்று இல்லை என்றேன். வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவும்போதுதான் அம்மா ஞாபகம் வந்தது. அடுப்பில் பால் பொங்கி வழியும், அம்மா கரண்டியோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். அம்மா கோட்டை கட்டுகிறாள் என்று நீயும் நானும் கேலி செய்வோம். அம்மா போன அன்றைக்கு அந்த லாரி ஓட்டுநர் என்ன சொன்னான், நினைவிருக்கிறதா? "அந்தம்மா நல்லாத்தான் நடந்து வந்தாங்க, நடு ரோட்டுல அப்படியே நின்னுட்டாங்க" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதான். பொய் சொல்கிறான் என்று பதினாறு வருடமாக அவனைச் சபித்துக்கொண்டிருக்கிறோம். அவன் சொன்னது உண்மையாகத்தான் இருக்கும், அக்கா.

போன மாதம் நீ போனில் ஒன்று சொன்னாய். வேலையிலிருந்து வரும்போது திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டி எங்கேயோ போய்விட்டேன், எப்படி அவ்வளவு தூரம் ஓட்டினேன் என்றே தெரியவில்லை, வயசாகிப்போச்சு என்று சிரித்தாய். நானும் சிரித்தேன்.

அதற்குமேல் எழுதக் கை வரவில்லை. ஒன்றும் இருக்காது. எனக்கு இப்போது எதைப் பார்த்தாலும் பயம், அதனால் இப்படித் தோன்றுகிறது என்றே வைத்துக்கொள். எனக்கு வந்தால் உனக்கும் வந்தாக வேண்டும் என்று கட்டாயம் இல்லை என்று மருத்துவரே சொன்னார். ஆனால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுங்கள் என்றும் அவர்தான் சொன்னார்.

சின்ன வயதிலிருந்து நீ சொன்னதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். இந்த ஒரு தடவை நான் சொல்வதை நீ கேள். இதைப் படித்து முடித்ததும் கார் சாவியை எடுத்து மாமாவிடம் கொடுத்துவிடு. காரணம் கேட்டால் இந்த மெயிலைக் காட்டு. நாளைக்குக் காலையில் வேலைக்குப் பஸ்ஸில் போ. உட்கார இடம் கிடைக்காது, புடவை கசங்கும், நேரமாகும், எல்லாம் தெரியும். ஏறியதும் பஸ்ஸுக்குள்ளிருந்து ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பு. முகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கம்பியைப் பிடித்திருக்கும் உன் கை தெரிந்தால் போதும். ஏழரை மணியிலிருந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும், அக்கா.

உன் தங்கை