ஆப்பிரிக்கா மாப்பிள்ளை குடித்த மிச்சம்

மச்சான்,

உலகத்தில் எவனும் நம்பாத கதையொன்றைச் சொல்லப் போகிறேன் என்று இதனால் சத்தியம் செய்கிறேன். கதாநாயகன் நீதான் என்றாலும் நீகூட நம்ப மாட்டாய்.

இன்று டவுன்ஷிப் ஹாலில் பிள்ளைகள் ஏதோ நாடகத்துக்கு மீசை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பசை நாற்றம் மூக்கில் ஏறியதும் என்னால் உட்கார முடியவில்லை. வெளியே வந்தேன், உள்ளே போனேன், மறுபடி வெளியே வந்தேன். "இன்னா பெரியவரே, எதுனா பேஜாரா?" என்றார் வாட்ச்மேன். நீ இருந்தால் தோளை அழுத்தி உட்கார வைத்திருப்பாய். நீ கண்ணை மூடியதிலிருந்து கால் ஓரிடத்தில் தரிப்பதில்லை.

அன்று இதே ஹாலில், இதே பசை நாற்றத்தில்தான் நம் நாடகமும் நடந்தது. நீ எழுதிய ஒரே நாடகம் அது. கல்பாக்கத்துப் பெண் ஒருத்தி, ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்தவனைக் காதலித்து வீட்டுக்கே கூட்டி வருகிறாள். மாப்பிள்ளை நீ, அப்பா நான். "எதுக்குடா அவ்ளோ தூரம் போற?" என்று கேட்டேன்.

"கடப்பாக்கம் காலனிலேந்து வரான்னு எழுதுனா ஹாலு குடுப்பாங்களா மச்சான்? ஆப்பிரிக்கான்னா சிரிச்சிகினே பாப்பாங்க. பாதியில சிரிப்பு நிக்கும் பாரு."

செங்கல்பட்டிலிருந்து வந்த மேக்கப்காரர் கறுப்புச் சாய டப்பாவைத் திறந்தார். நீ வேண்டாம் என்றாய்.

"ஆப்பிரிக்காக்காரன் கறுப்பா இருக்க வேணாமா?"

"அப்போ நான் இன்னா கலரு அண்ணாத்த?"

உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு அவர் டப்பாவை மூடினார். நான் சிரித்த சிரிப்பில் வறண்டு கிடந்த பாலாறு கரை புரண்டது.

என் மகளாக நடித்தவளைத்தான் நீ நிஜத்திலும் விரும்பினாய். அவள் அப்பாவோ பெரிய ஆபீசர். உன்னைப் போல் காலனி ஆள் என்றால் கேட்டையே திறக்காதவர். "நாடகம் முடிஞ்சதும் அவங்கப்பாருகிட்ட பேசப் போறேன். அவ என்கூட நிப்பாளான்னுதான் தெரில," என்றாய்.

"அவளையே கேக்கறதுதானே?"

"கேட்டா சிரிக்கிறா மச்சான்."

கடைசிக் காட்சி இதுதான். நான் மாப்பிள்ளைக்குத் தண்ணீர் கொடுப்பேன். அவன் பாதி குடித்து வைத்ததும், "அந்த டம்ளரை வெளிய போடு" என்பேன். மகள் அதை எடுத்து மிச்சத்தைக் குடிப்பாள். ஒத்திகையில் எப்போதும் காலி டம்ளர். அதையும் அவள் வாயருகே கொண்டுபோய், உதட்டில் படாமல் இறக்கிவிடுவாள். நீ வேறெங்கோ பார்ப்பாய்.

நாடகத்தன்று கூட்டம் நெம்மேலி வரை நின்றது. முன்வரிசையில் அவள் அப்பா. டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தவள் அவள்தான். கனத்தது. உள்ளே தண்ணீர். உன்னிடம் நீட்டினேன். குடித்தாய், வசனத்தை மறந்தாய். நான் என் வசனத்தைச் சொன்னேன். அவள் டம்ளரை எடுத்தாள்; முன்வரிசையிலிருந்த அப்பாவை ஒரு தரம் பார்த்தாள்; வாய் வைத்துக் குடித்தாள்.

உடனே அவர் மேடையேறி உன்னைக் கட்டிக்கொண்டு விம்மினார். அலைகள் ஈ.சி.ஆர். சாலை தாண்டி வந்து கைதட்டின. மாமல்லபுரத்துக் கல்யானை பாறையிலிருந்து கழன்று வந்து முன்வரிசையில் உட்கார்ந்து பிளிறியது.

உன் பேத்திகளிடம் இப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன். உனக்குத் தெரியும், அவர் எழுந்து பக்கத்துக் கதவு வழியாகப் போய்விட்டார். உங்கள் கல்யாணத்துக்கும் வரவில்லை. அந்த நாற்காலியைக் காலியாக விட மனசு வராமல்தான் யானையைக் கொண்டுவந்து உட்கார வைத்தேன்.

அவள் குடித்தது மட்டும் நிஜம். மேலே தொங்கிய மைக்கில் மடக் மடக்கென்று ஹால் முழுக்கக் கேட்டது. இன்னும் என் காதில் கேட்கிறது. எத்தனையோ பேரிடம் இந்தக் கதையை அளந்திருக்கிறேன்; அந்தச் சத்தத்தில் மட்டும் நான் கை வைத்ததில்லை, மச்சான்.