மூணாந் தண்ணிக்கு முன்னால் போன ரயில்

2024 செப்டம்பர் 8, ஞாயிறு
மழை விடவில்லை. திருத்த வேண்டிய பள்ளிக்கூடக் கொப்பிகள் நாற்பது கிடக்கின்றன. இந்த லட்சணத்தில் இன்னொரு வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு வருகிற ஒக்டோபரோடு அறுபது வருஷம். அதன்படி தோட்டங்களை விட்டு இந்தியாவுக்குப் போனவர்களை ரயிலேற்றிவிட்ட பழைய ஆட்களின் குரலைப் பதிந்து தரும்படி ஹட்டன் வாசகர் வட்டத்தில் கேட்டார்கள். போனவர்களின் பிள்ளைகளுக்கும் அனுப்பிக் கேட்க வைப்பார்களாம்.

அம்மாவிடமிருந்தே தொடங்கலாம் என்று போனை நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் ஞாபகமில்ல. போயி அடுப்பப் பாரு" என்றாள். ஞாபகமில்லையாம்! போன வருஷத் திருவிழாவுக்கு யார் என்ன சேலை கட்டினாள் என்று இன்றைக்கும் ஒப்பிக்கிற பேச்சியம்மாவுக்கு.

செப்டம்பர் 15
டிக்கோயாவுக்குப் போனேன். ஆண்டியப்பன் ஐயாவுக்கு எண்பத்தாறு வயது. லிந்துலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலேயே இருந்தவர், மகளோடு டிக்கோயாவுக்குப் போய் நாற்பது வருஷமாகிறது. எழுதத் தெரியாதவர்களுக்கெல்லாம் இந்தியாவுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவர். நன்றாகத்தான் பேசினார்.

"எழுபத்தி நாலுல மாயாண்டி குடும்பம் பொறப்பட்டுச்சு. ரயிலுக்குத் தேதி வந்தப்பறம் கடைசிப் புள்ள பவளத்துக்கு அம்மை போட்டிருச்சு. மூணு வயசு. அம்மை எறங்கி மூணாந் தண்ணி ஊத்தாம வாசலத் தாண்ட விடுவாங்களா? கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க. தேதிய விட்டா மறுபடி கெடைக்காது. பக்கத்து வீட்டுக் காம்பராவுல புள்ளைய விட்டுட்டு, அடுத்து வாறவங்க கையில அனுப்பிருங்கன்னு சொல்லிட்டு அழுதுகிட்டே போனாங்க. அப்பறம் புள்ள செத்துப் போச்சுன்னு நான்தான் கடிதாசி எழுதுனேன்."

தேத்தண்ணியை ஒரு வாய் குடித்துவிட்டு, "நீங்க யாரு மக டீச்சர்?" என்றார்.

"பேச்சியம்மா மக நாகலெட்சுமி. ஆறாம் நம்பர் லயம்."

கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அந்தப் போன நிப்பாட்டுங்க."

அதற்குப் பிறகு நான் பஸ் ஏறும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 16
மாயாண்டி குடும்பத்துக்குப் பக்கத்துக் காம்பரா யாருடையது என்று அம்மாவிடம் கேட்டேன். அவள் கையிலிருந்த சட்டி விழுந்து உடைந்தது.

நம்முடையதுதான். வேறு யாருடையது?

செப்டம்பர் 22
இராமையா அண்ணனைப் பார்த்தேன். இந்தத் தோட்டத்தில் ஐம்பத்தைந்து வருஷமாகப் பிணக்குழி வெட்டியவர். "எழுபத்தி நாலுலயா? அம்மையில ஒரு புள்ளையும் சாகலம்மா. செத்திருந்தா எனக்குத் தெரியாமப் போகுமா?" என்றார்.

செத்ததாகக் கடிதம் போயிருக்கிறது. குழி இல்லை. அப்படியானால் ஊரான் வீட்டுப் பிள்ளையை அம்மா என்ன செய்தாள்? அம்மாவைப் போய் இப்படி நினைக்க வேண்டியிருக்கிறதே.

செப்டம்பர் 28
போனைக் காணவில்லை. அம்மா அதை அரிசி வாளிக்குள் புதைத்து வைத்திருந்தாள்.

ஒக்டோபர் 5
கேட்டுவிட்டேன். "அந்தப் புள்ளைய என்னம்மா பண்ணுன?"

"என்ன பண்ணுனேன்? மூணாந் தண்ணிய நான்தான் ஊத்துனேன். தொடைச்சு விடுறப்ப என் கழுத்தக் கட்டிக்கிட்டு அம்மான்னுச்சு. கல்யாணமாயி பதினோரு வருஷம், என்னைய அப்பிடி யாரும் கூப்புட்டதில்ல. அனுப்ப மனசு வரல. செத்துருச்சுன்னு எழுதச் சொன்னேன். நாகலெட்சுமின்னு பேர மாத்துனேன்."

என் நெற்றியில் மூன்று குழித் தழும்புகள். சின்ன வயதில் அடுப்புக் கல்லில் விழுந்தது என்று சொல்லி வளர்த்த தழும்புகள்.

அப்ப நான் யாரு? அம்பது வருஷமா அங்க ஒருத்தி எனக்காக அழுதுகிட்டு இருக்கா. இவ அது தெரிஞ்சே எனக்குத் தல சீவி, பொட்டு வெச்சு, பள்ளிக்கூடம் அனுப்பியிருக்கா. தோட்டத்துல எத்தன பேருக்குத் தெரியும்? ஒருத்தர்கூட வாய தெறக்கலயே. பாவிகளா.

ஒக்டோபர் 6
அம்மாவுக்குச் சோறு போட்டேன். வாங்கிக்கொண்டாள்.

ஒக்டோபர் 20
அம்மாவே கூப்பிட்டு, "அந்தப் போனக் கொண்டா" என்றாள். பதினொரு நிமிஷம் பேசினாள். கடிதத்தில் என்ன எழுதச் சொன்னாள் என்பதை வரிக்கு வரி சொன்னாள். ஒரு வரிகூட மறக்கவில்லை. "அனுப்பு. அவ உசுரோட இருந்தா கேக்கட்டும்."

ஹட்டனுக்கு அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 10
கோத்தகிரியிலிருந்து போன் வந்தது. பொன்னையா, மாயாண்டியின் மூத்த மகன். என் அண்ணன். எழுதிப் பார்க்கிறேன், இன்னும் பழக்கமாகவில்லை.

வெகு நேரம் அழுதார். "வருஷா வருஷம் அம்மா ஒனக்குக் கூழ் காய்ச்சிப் படைப்பாங்க பாப்பா. ரயில் ஏறுன குத்தம் தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. இந்த மாசியிலதான் போயிட்டாங்க."

எட்டு மாசம். வெறும் எட்டு மாசம்.

போனை வைத்துத் திரும்பினால் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"அவ இருக்காளா?"

"இருக்காங்க" என்றேன்.

"வருவாளா?"

"வருவாங்க."

நவம்பர் 24
அம்மா விடியற்காலையிலேயே குளித்து, நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிடுகிறாள். மேட்டில் ஆட்டோ ஏறுகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறாள். பாதிச் சோறு அப்படியே கிடக்கிறது. "அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிருவேன். நீ நடுவுல வரக்கூடாது" என்று இன்றைக்கும் சொன்னாள்.

பாவம் பார்த்துச் சொன்னேனா, பழி வாங்கச் சொன்னேனா? பதினைந்து நாளாக யோசிக்கிறேன், தெரியவில்லை.

சாயங்காலம் மறுபடி கேட்டாள், எப்ப வாறாளாம் என்று.

பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லையாம் என்று சொல்லிவிட்டு விளக்கைப் போட்டேன்.