கப்பலில் ஏறாத நாற்பதாயிரம் ட்யூப்

ஜூன் 3, 2024
இன்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டேன். குளுக்கோஸ் ஏற்றும் ட்யூப் செட், நாற்பதாயிரம், மாலத்தீவு போக வேண்டியது. கிருமி சாக எத்திலீன் ஆக்சைடு வாயுவில் வைத்து எடுப்போம். பிறகு அந்த வாயு பிளாஸ்டிக்கை விட்டு வெளியேற, சூடான அறையில் நாள்கணக்கில் காற்றாட வைக்க வேண்டும். சோதனையில் மிச்ச வாயு எல்லையைத் தாண்டி நிற்கிறது. மருந்தோடு அதுவும் நோயாளியின் ரத்தத்துக்குள் போகும். எப்படிப் போடுவேன்?

முதலாளி தேவபிரசாதம் அண்ணாச்சி ரிப்போர்ட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூணு மாசம் முன்னாலதான் ஒன்ன இந்த குவாலிட்டி சீட்ல உக்கார வச்சேன், விஜிலா” என்றார். அதற்கு என்ன அர்த்தம்? வேலை போய்விடுமோ?

ஜூன் 4
சரக்கைத் துறைமுகத்தில் ஏற்றிவிடும் ஏஜென்சியிலிருந்து ரோச் என்று ஒருவர். ஏழு போன். “மேடம், கப்பல் ஒங்களுக்காக நிக்காது.”
“நிக்க வேண்டாம், போகட்டும்” என்றேன்.

ஜூன் 5
கப்பல் போய்விட்டது.

ஜூன் 6
காரணம் கிடைத்தது. பேக்கிங் பேச்சிச்செல்வி அக்கா என்னோடு அந்தச் சூடான அறைக்குள் வந்தாள். “இங்கன வேர்க்கவே இல்லையேளா” என்றாள். நிஜம்தான். இரண்டு ஹீட்டரில் ஒன்று செத்துக் கிடக்கிறது. தெர்மாமீட்டர் நல்ல ஹீட்டர் பக்கம் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி வந்து பார்த்தார். “இனி நீ நிறுத்துனா நிறுத்துனதுதான். எங்கிட்ட கேக்காண்டாம்” என்றார். பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷத்தில்தான்.

ஜூன் 8
ரோச் மறுபடி. அடுத்த கப்பல் 19ஆம் தேதி என்று சொல்லத்தான் கூப்பிட்டார். ஆனால் போனை வைக்கவில்லை.
“ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? அந்த வாயு மணக்குமா?”
மணக்கிற அளவை எட்டுவதற்கு முன்பே ஆபத்து என்றேன். அப்ப எப்படிக் கண்டுபிடிப்பீங்க என்றார். இருபத்தைந்து நிமிடம் சோதனை முறையை விளக்கியிருக்கிறேன். எனக்கு வெட்கமே இல்லையா? இதுவரை எந்த ஆம்பிளையும் என் வேலையைப் பற்றிக் கேட்டதில்லையே.

கடைசியில் சொன்னார்: “அப்பாக்கு டயாலிசிஸ், மேடம். கப்பல் போன அன்னைக்கு ஒங்க மேல கோவமாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் கைல ட்யூபப் பாத்தேன். கோவம் போயிட்டு.”

ஜூன் 17
புது ஹீட்டர், மறுபடி காற்றாட வைத்து, மறுபடி சோதனை. எல்லைக்கு வெகு கீழே. மூன்று தடவை பார்த்தேன். பேப்பர் கொள்ளாமல் ஒரு கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 19
கன்டெய்னர் ஏறுவதை ரோச் வீடியோ காலில் காட்டினார். கிரேன், வெயில், கடல், ஓரத்தில் அவர் முகம். மூக்கு கொஞ்சம் பெரிசு. பரவாயில்லை.

ஆகஸ்ட் 25
பெரியதாழை, ரோச்சின் ஊர். அவர் அப்பாவைப் பார்க்கப் போனோம். மனுஷர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
“கப்பல விட்டவ நீதானா?”
“ஆமா மாமா.”
வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. ரோச் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 12, 2025
எங்கள் புன்னைக்காயல் மாதா கோயிலில் இன்று பூசையில் எங்கள் கல்யாண அறிவிப்பு, முதல் ஓலை, வாசித்தார்கள். பெரியதாழை ரோச், புன்னைக்காயல் விஜிலா. இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று சாமியார் நிமிர்ந்து பார்த்தார்.

யாரும் வாய் திறக்கவில்லை. அம்மா மட்டும் மூக்கை உறிஞ்சினாள்.