பானைக்காரம்மா என் அத்தை, நைனா

ஆசை நைனாவுக்கு,

ஆசை என்றுதான் எழுத வருகிறது. ஆனால் எனக்கிருக்கும் கோபத்துக்கு, நீ உயிரோடு இருந்திருந்தால் ராயபுரமே கூடி நம் சண்டையை வேடிக்கை பார்த்திருக்கும்.

"உங்க தாத்தாவுக்கு யானைக்கவுனில பெரிய பாத்திரக்கடை" என்று எத்தனை முறை சொல்லியிருப்பாய்? உன் காரியம் முடிந்ததும், கடை இருந்த இடத்தையாவது பார்க்கலாமே என்று அங்கே போய் அலைந்தேன். தாத்தா பெயரைக் கேள்விப்பட்டவர்கூட ஒருவரும் இல்லை. கடைசியில், துறைமுகத்தில் உன்னோடு வேலை பார்த்த மரியதாஸ் மாமாவிடம் போய் நின்றேன்.

"கடையா? இன்னாம்மா நீ! உங்க தாத்தா கூடையில மண்பானை வச்சி தெருத்தெருவா வித்தவரு. உங்க அத்தை எர்ணாவூர்ல கீது. நைனா சொல்லவேயில்லியா?"

அத்தையா? நீ ஒற்றைப் பிள்ளை என்றாயே!

மறுநாள் மாமாவே கூட்டிப் போனார். கதவைத் திறந்தவளுக்கு உன் மூக்கு, உன் நெற்றி. உச்சந்தலையில் மட்டும் முடியில்லை. சும்மாடு வைத்துப் பானைக்கூடை சுமந்தே தேய்ந்த இடம். மாமா வாய் திறப்பதற்குள், "செல்வியா? வா கண்ணு" என்றாள். அவளுக்கு என் பெயர் தெரிந்திருந்தது. பாக்கியம் என்ற அவள் பெயர் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உன் பாட்டனும் பாட்டியும் பழவேற்காட்டுப் பக்கத்துக் குயவர்களிடம் பானை வாங்கி, படகில் வைக்கோல் பரப்பி அடுக்கி, கால்வாய் வழியாக எண்ணூருக்கு வருவார்களாம். அங்கிருந்து திருவொற்றியூர், கொருக்குப்பேட்டை என்று நடந்தே விற்பார்களாம். தாத்தாவும் அதே தொழில். அவர் போன பிறகு கூடையைத் தூக்கியது உன் தங்கை, நீ பள்ளிக்கூடம் போவதற்காக. இதில் மறைக்க என்ன இருந்தது நைனா? திருடினார்களா? ஊர் சோறு பொங்கப் பானை கொடுத்தார்கள்.

பிறகுதான் அத்தை தயங்கித் தயங்கிச் சொன்னாள். "உன் கண்ணாலத்துக்கு அரசாணிப் பானை நான்தான் கொண்ணாந்தேன் கண்ணு. நானே பெயின்ட் அடிச்சேன்."

எனக்குச் சட்டென்று நினைவு வந்தது. மணமேடையோரம் பானைகளை அடுக்கிவிட்டு ஒரு பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். "யாரு நைனா?" என்று கேட்டேன். பக்கத்தில் சம்பந்தி வீட்டார். "பானைக்காரம்மா" என்றாய். அவளிடம் திரும்பி, "வேல முடிஞ்சிதில்ல, கெளம்பு" என்றாய். கூடப் பிறந்தவளிடம்! சாப்பிட்டுப் போ என்று சொல்லக்கூட வாய் வரவில்லையா? அன்றைக்கு உனக்குச் சோறு இறங்கியதா?

"அண்ணன் மேல கோவப்படாத. உன்ன நல்ல எடத்துல குடுக்கணுமேன்னு பயந்துகினு இருந்துச்சு" என்கிறாள் அத்தை. அவள் மன்னித்துவிட்டாள். அது அவள் மனசு. என்னிடம் அதை எதிர்பார்க்காதே. என் கல்யாணத்தைச் சாக்கு வைத்து என் அத்தையை என்னிடமிருந்து பறிக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? அம்மாவுக்காவது தெரியுமா? அவளும் போய்விட்டாள், யாரைக் கேட்பேன்?

வீட்டில் எல்லாம் சொல்லிவிட்டேன். "கடைக்காரர் வூட்டுப் பொண்ணுன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்" என்று மாமியார் முகத்தைச் சுளித்தார். "இல்ல, பானை வித்தவரு பேத்தி" என்றேன். அப்புறம் எழுந்து போய் டீ போட்டார். அவ்வளவுதான் நைனா. இதற்கா ஒரு ஆயுசு முழுக்கப் பயந்தாய்?

எங்களோடு வந்து இரு என்று அத்தையைக் கூப்பிட்டேன். "எனக்கு வூடு கீது. நீ வா" என்றாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன்.

உன் வருஷத் திதிக்கு அவள் வருவாள். கையைப் பிடித்து உன் படத்துக்கு முன்னால் நிறுத்தி, "இது எங்க நைனாவோட தங்கச்சி" என்று வந்தவர்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்வேன். இது சத்தியம். படத்திலிருந்து உன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது.

பானை விற்றவர்களின் பேத்தி,
பாக்கியத்தின் மருமகள்,
உன் மகள் செல்வி