எறும்பு தொடாத சிராப்

நேற்றுத் தைப்பூசம் முடிந்தது. கழுவிய அண்டாவைக் காய்வதற்காக நம் மாடி நடைவழியில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். எவ்வளவு தேய்த்தும் பாண்டான் இலை வாசம் போகவில்லை. அதன் பக்கத்தில், உன் கதவுக்கு வெளியே நீ வைத்த அதே இடத்தில், அந்தச் சீனித்துளசித் தொட்டி இருக்கிறது. இலையெல்லாம் பறித்தாகிவிட்டதால் மொட்டை போட்ட பிள்ளை மாதிரி நிற்கிறது. விட்டுப்போன ஒரு சின்ன இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். முதலில் பச்சை வாசம். பிறகு அந்த இனிப்பு மெல்ல வந்து தொண்டை வரை இறங்கியது. உடனே உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. கதவைத் தட்டினால் நீ வரப்போவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

உன் வீட்டுக்கு வேறு குடித்தனம் வந்துவிட்டது. நல்ல மனிதர்கள்தான். வந்த புதிதில், "அக்கா, இந்தத் தொட்டிய எடுத்துக்கிறீங்களா, வழியில இருக்கே" என்று கேட்டார்கள். "அது அங்கதான் இருக்கும்" என்றேன். என் முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி கேட்கவில்லை. இப்போது அவர்களே தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

இது செடியில் தொடங்கிய கதை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரு போத்தல் மினரல் தண்ணீரில் தொடங்கியது என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும்.

நம் தண்ணீர்ப் பந்தலில் வருசா வருசம் சிராப் காய்ச்சியது நீ. சீனியைக் கொட்டி, பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு, சிவப்பு சேர்த்துக் கொதிக்கவிடுவாய். ஒரு சொட்டைக் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் தேய்த்துப் பார்ப்பாய். விரல் ஒட்டினால்தான் அடுப்பை அணைப்பாய். அந்த வருசம் இனிப்பு நீரால், அதான் சர்க்கரை நோயால், காலில் ஆறாத புண், கட்டுப் போட்டிருந்தாய். நாள் முழுக்க அடுப்படியில் நிற்க முடியாது என்று கரண்டியை என்னிடம் கொடுத்துவிட்டு மலைக்கோயிலுக்குப் போனாய். திரும்பி வந்து, எல்லோரையும் போல நம் பந்தல் வரிசையில் நின்றாய்.

கிளாஸ் எடுத்துக் கொடுத்தது நம் அடுக்குமாடி புளோக் தேவி. பள்ளி அலுவலகத்தில் கிளார்க், பாசக்காரி, குரல் மட்டும் ஒலிபெருக்கி. உன் கால் கட்டைப் பார்த்தாள். "ஐயோ ஆன்ட்டி, உங்களுக்கு இனிப்பு நீர்லா! இது வேணாம்" என்று கையிலிருந்த சிராப்பை இழுத்துக்கொண்டு போத்தலைத் திணித்தாள். வரிசை முழுக்கத் திரும்பி உன் காலைப் பார்த்தது. நீ சிரித்தாய், நன்றி சொன்னாய், நகர்ந்தாய். நான் கரண்டியை வைத்துவிட்டு உன் பின்னாலேயே வந்தேன். பஸ் நிறுத்தம் வந்ததும் நின்றுவிட்டாய்.

"கோயிலுக்கு வந்தும் நான் நோயாளிதானாடி?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. போய் அவளை நாலு கேள்வி கேட்கிறேன் என்று புடவையைச் செருகிக்கொண்டு கிளம்பினேன். நீ கையைப் பிடித்து நிறுத்தினாய். "அவ மேல தப்பு இல்ல. எனக்குச் சீனி ஆகாதுதான். ஆனா எனக்கும் குடிக்க இனிப்பா ஒண்ணு அங்க இருக்கணும். நான் வாங்கிக் குடிச்சா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது. அவ்வளவுதான்." பிறகு, "தேவிகிட்ட எதுவும் சொல்லாத, பாவம்" என்றாய். இன்றுவரை சொல்லவில்லை. என் வாயைக் கட்டியது உலகத்தில் நீ ஒருத்திதான்.

அதன் பிறகுதான் பாசாரில் செடி விற்கும் சீனத்து ஆன்ட்டியிடம் இந்தச் செடியைப் பார்த்தோம். "தாவுன் மானிஸ்" என்றார் அவர். இனிப்பு இலையாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் ஒரு இலையைப் பிய்த்து மென்றுவிட்டாய். உன் கண் விரிந்ததைப் பார்த்து நான் பயந்துபோனேன். வீடு வரும் வரை தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாய். நான் பேசியதில் ஒரு வார்த்தை உன் காதில் ஏறவில்லை.

கிளினிக் நர்ஸ் மிஸ்ஸியிடம் கேட்டாய். "சீனிக்குப் பதிலாப் போட்டுக்கலாம் கா. ஆனா இது மருந்து இல்ல. இதத் தின்னுட்டு மாத்திரைய விட்டீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் அவர். நீ பள்ளிப் பிள்ளை மாதிரித் தலையாட்டினாய். மாத்திரையை விடவும் இல்லை. தேத்தண்ணியில் கெட்டிப்பாலை விட்டது மட்டும் உனக்குப் பெரிய போராட்டம். அந்த நாட்களில் உன் பக்கத்தில் யாரும் தலை காட்ட முடியவில்லை.

முதல் வருசம் நாம் வாங்கிய அடி இருக்கிறதே! சிராப் காய்ச்சிப் பழகிய கை அல்லவா, இலையையும் அப்படியே அள்ளிப் போட்டுக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சினாய். விரலில் தேய்த்துப் பார்த்தாய், ஒட்டவில்லை. இன்னும் அள்ளிப் போட்டாய். குடித்தவர்கள் முகம் கோணிக்கொண்டு போனது. முதலில் தித்திப்பு, பின்னாலேயே கசப்பு. பாதி குடித்த கிளாஸ்கள் லோங்கான் சாக்கடை ஓரமெல்லாம் வரிசையாக நின்றன. பந்தல் தலைவர் முனியாண்டி அண்ணன், லாரி ஓட்டிப் பழகிய தொண்டையில், "ஒரு எறும்புகூட எட்டிப் பாக்கலையேலா! எறும்பே தொடாதத மனுசன் தொடுவானா?" என்றார். பந்தலே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாக நீ சிரித்தாய். அண்டாவைக் கவிழ்க்கும்போது மட்டும், "அடுத்த வருசம் பாக்கிறேன் அவர" என்று பல்லைக் கடித்தாய்.

அதற்கப்புறம் நம் இரண்டு அடுப்பும் ஓயவில்லை. சீனி கொதியைப் பொறுத்துக்கொள்ளும், இலை பொறுக்காது என்று கண்டுபிடித்தாய். அடுப்பை அணைத்த பிறகுதான் இலை. மூடி வைத்து, புல் வாசம் தூக்குவதற்குள் வடித்துவிட வேண்டும். பின்கசப்பை அமுக்க எலுமிச்சையும் ஒரு சிட்டிகை உப்பும். ருசி பார்க்க என் வீட்டுக்காரர்தான் பலியாடு. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கிளாஸை நீட்டுவாய். "இனிப்பாத்தான் இருக்கு. ஆனா வாயில நிக்கல, தண்ணியா ஓடுது" என்றார் ஒருநாள். நீ இரண்டு நாள் யோசித்தாய். சீனி இனிப்பை மட்டும் கொடுக்கவில்லை, கனத்தையும் கொடுக்கிறது என்று புரிந்தது. மூன்றாம் நாள் செலாசி என்கிற சப்ஜா விதையை ஊறப்போட்டுக் கலந்தாய். வழுவழுவென்று உப்பிய விதையோடு குடித்தபோது தொண்டையில் ஒரு நிறைவு வந்தது. "இப்ப சொல்லச் சொல்லு அந்த எறும்ப!" என்று குதித்தாய். குதிக்கிற காலா அது?

பந்தல் வருவதற்குள் கால் உன்னை ஆஸ்பத்திரியில் படுக்கப்போட்டுவிட்டது. ஒரு இலை கொண்டுவரச் சொன்னாய். டிஷ்யூ தாளில் மடித்துக் கொண்டுவந்தேன். வாயில் அடக்கிக்கொண்டு, "செடி எப்படி இருக்கு?" என்றாய். "நீயே வந்து பாரு" என்றேன். "நான் வர மாட்டேன்டி. பந்தலுக்கு நீ கொண்டுபோ. ஆனா ஓரமா வச்சிடாத" என்றாய். அப்போது அழக்கூடாது என்று இருந்தேன். வீட்டுக்கு வந்து, தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அழுதேன். அந்தப் பூசத்தைப் பார்க்க நீ இல்லை.

உன் தொட்டியிலிருந்து குச்சி கிள்ளிக் கிள்ளி இப்போது மூன்று மாடியில் செடி நிற்கிறது. வருசம் முழுக்க இலை பறித்துக் காய வைத்துச் சேர்த்தேன். இலைச் சிராப்பும் வைக்கலாமா என்று போன வாரம் பந்தல் கூட்டத்தில் கேட்டேன். முனியாண்டி அண்ணன் உடனே சரி என்றார், உன் பேரைச் சொல்லிக் கண் கலங்கினார்கூட. பின்னால் ஒரு மேசையில் வைத்துக்கொள்ளலாம் என்றார். நல்ல மனசோடு அங்கேயே பெரிதாக ஒரு பலகை வேறு எழுதிக் கொண்டுவந்தார்: 'இனிப்பு நீர் நோயாளிகளுக்கு மட்டும்.'

எனக்கு உச்சந்தலை சூடாகிவிட்டது. "அண்ணே, அண்டாவுல என்ன இருக்குன்னு எழுதுங்க. குடிக்கிறவங்க உடம்புல என்ன இருக்குன்னு எழுதாதீங்க."

"அப்ப நோயாளிங்களுக்கு எப்படிலா தெரியும்?"

"கேப்போம். வர்ற எல்லாரையும் கேப்போம். எலையா சீனியான்னு, எல்லாருக்கும் ஒரே கேள்வி."

"அந்தக் கூட்டத்துல நின்னு கேட்டுக்கிட்டு இருக்க முடியுமா?"

"முடியாதுன்னா சொல்லுங்க. அண்டாவத் தூக்கிக்கிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் தனியா நிப்பேன்."

நிற்பேன் என்று அவருக்குத் தெரியும். தலையைச் சொறிந்தார். அப்போது, "நான் கேக்கிறேன் அண்ணே, என் தொண்டை போதும்" என்று ஒரு குரல். தேவி.

நேற்று இரண்டு அண்டாவும் முன் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, ஒரே சிவப்பு. ஒன்றில் 'சீனிச் சிராப்', மற்றதில் 'சீனித்துளசிச் சிராப் - சீனி இல்லை'. தேவி காலையிலிருந்து கத்தினாள்: "எலையா சீனியா? எலையா சீனியா?" உறுமி அடிக்கும் பையன்கள், "எலைன்னா என்னா கா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார்கள். சிலருக்குப் பிடிக்கவில்லை, சீனிக்கு மாறினார்கள். மாறட்டும். மத்தியானம் முனியாண்டி அண்ணன் வந்து மெதுவாக, "எலை" என்றார். "சத்தமாச் சொல்லுங்க அண்ணே!" என்றேன். குடித்துவிட்டு அண்டாவைச் சுற்றிப் பார்த்தார். "எறும்பு வரலையே இன்னும்." "மனுசங்க வந்துட்டாங்க, அது போதும்" என்றேன்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் ஒரு அம்மா வந்தார். நம் வயதுதான் இருக்கும். காலில் கட்டு, ஒரு பக்கம் மட்டும் செருப்பு. எனக்குக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. தேவி குனிந்து காலைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் நிமிர்ந்து அந்த அம்மா முகத்தைப் பார்த்து, முன்னால் போன பையனிடம் கேட்ட அதே குரலில், "எலையா சீனியா கா?" என்றாள்.

"எலை குடும்மா."

ஊற்றினேன். அங்கேயே நின்று குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு இன்னொரு கிளாஸ் கேட்டார். வரிசையில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டும், வெயிலைத் திட்டிக்கொண்டும் நின்றார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையடி.

மிச்சம் இருந்த குச்சிகளை இன்று காலை கிளாஸ் தண்ணீரில் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். பாகான் டாலாமில் இருக்கும் தேவியின் அக்கா, அடுத்த வருசம் அவர்கள் பந்தலுக்கும் வேண்டும் என்று போன் செய்தாள். முன் மேசையில், நடுவில் வைப்பதாக இருந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன்.