ஆறடித் துணியும் ஆறு மா நிலமும்

மாசி 3, ஞாயிறு

பனி போய்விட்டது. எட்டு மணிக்கே வெயில். அக்ரிலிக் வண்ணம் தட்டிலேயே காய்கிறது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

மாடியறை ஓவிய வகுப்புக்கு ஐந்து பேர். செல்வராசு சார் வழக்கம்போல் ஸ்கேலோடு. அரசாங்க சர்வேயர், ஐம்பத்திரண்டு வயது, நிலம் அளந்தே பழகிய கை. ஒரு மாதமாகக் கட்டம் போட்டு அதற்குள் வண்ணம் நிரப்புகிறார். இன்று ஸ்கேலையும் பென்சிலையும் பிடுங்கிப் பீரோவில் பூட்டிவிட்டேன். சுவருக்கு அடிக்கிற பட்டை பிரஷ் கொடுத்தேன்.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறது டீச்சர்?"

"எங்கேருந்து வேணும்னாலும்."

"அப்படி ஒரு இடமே கிடையாதுங்களே!"

எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நட்டநடுவில் ஒரு ஆரஞ்சு. மேலே நீலம். காயுமுன் பழந்துணியால் ஒரே இழுப்பு. முக்கால் மணி நேரம் ஸ்கேலைக் கேட்கவே இல்லை. கடைசியில் பட்டை பிரஷ்ஷை அவரே கழுவி வைத்தார்.

அது என்ன படம் என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மாசி 4, திங்கள்

பள்ளிக்கூடம். ஏழாம் வகுப்புக்கு மாம்பழம், நிழலோடு. மாலையில், படம் போட இழுத்துக் கட்டிய என் ஆறடித் துணி முன்னால். மார்கழியிலிருந்து முறைத்துக்கொண்டு நிற்கிறது. இதுவரை:
– தாமரை மாதிரி வந்தது. அழித்தேன்.
– ஆறு மாதிரி. அழித்தேன்.
– எதைப் போலவும் இல்லை. ஆனால் செத்துக் கிடந்தது.

இன்று செ. சார் போல யோசிக்காமல் பச்சையைக் கரைத்து அப்படியே ஊற்றினேன். வழிந்து, தரை விரிசல் வழியாகக் கீழே பாத்திரக்கடைக்கு. கடைக்காரர் பாய் மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

"டீச்சரம்மா, அண்டாவுல பச்சைத்தண்ணி சொட்டுது. நெசமாவே பச்சை!"

மன்னிப்புக் கேட்டேன். துணியைப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கீழ வேணாம்."

மாசி 6, புதன்

பாய் கடை போனில் அப்பா. வெள்ளிக்கிழமை ஊரில் நம் நிலத்தை அளக்கிறார்களாம்.

எனக்கு ஐந்து வயதில் அப்பாவின் கட்சி ஆட்சிக்கு வந்து, நில உச்சவரம்புக்கு மேலிருந்த மிராசுதார் நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது வந்த ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். அதுவரை அப்பா அதே வயலில் கூலி. பட்டா இருக்கிறது. இருந்தும், ஆட்சி மாறியதிலிருந்து மிராசுதார் பேரன் மேற்கே ஒரு மா தன்னுடையது என்று பெட்டிஷன் மேல் பெட்டிஷன்.

"அளக்க வர்றது செல்வராசுவாம். உன்கிட்ட படம் கத்துக்கிறவர்தானே? ஒரு வார்த்தை சொல்லி வையி பாப்பா."

"சரிப்பா" என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்?

மாசி 7, வியாழன்

பள்ளி விட்டு வந்தால் மாடிப்படியில் செ. சார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நாளைக்கு உங்க ஊருக்கு நான் போகலைங்க டீச்சர். தாசில்தார்கிட்ட சொல்லிட்டேன். வேற ஆள் வருவாரு."

"ஏன் சார்?"

"நான் உங்ககிட்ட படிக்கிறவன். அளவு உங்க பக்கம் வந்தா எதிராளி ஒத்துக்க மாட்டாரு. திரும்பவும் கேஸுதான்."

போய்விட்டார். கோபம். அப்புறம் வெட்கம். அவரிடம் எப்படிக் கேட்பது என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவள் நான்.

முகம் கழுவவில்லை, காபி இல்லை. நேராகத் துணி முன். காய்ந்த பச்சைமேல் செங்கல் சிவப்பு, கை எட்டும் அகலத்துக்கு. அதன்மேல் வெள்ளை. ஈரத்தோடு கத்தியால் சுரண்டினேன். சிவப்பு கிழிந்து அடியிலிருந்து பச்சை பீறிட்டது. வந்துவிட்டது! தனியாக நின்று கத்தினேன்.

கீழிருந்து பாய்: "என்னம்மா, விழுந்துட்டீங்களா?"

மாசி 8, வெள்ளி

லீவு. பாபநாசம் பஸ், அப்புறம் நடை. அறுத்த நெல் தாளுக்கு நடுவே உளுந்து கணுக்கால் உயரம்.

வந்த சர்வேயர் சின்ன வயது, சிரிக்காத முகம். அளவுச் சங்கிலி பிடித்தவர்கள் செடியை மிதிக்க மிதிக்க, அப்பா பின்னாலேயே குனிந்து நிமிர்த்திக்கொண்டு போனார். மிராசுதார் பேரன் குடைக்குள். மேற்கு வரப்பிலிருந்து எங்கள் பக்கம் இரண்டடி உள்ளே கடப்பாரை 'ணங்'. பழைய எல்லைக்கல். சர்வேயர் அளந்து பார்த்து நிமிர்ந்தார்.

"இந்த ரெண்டடி அவங்களுது. மத்ததெல்லாம் உங்களுது பெரியவரே. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

பேரன் கேட்டது ஒரு மா. கையெழுத்தைப் போட்டார், யார் முகத்தையும் பார்க்காமல்.

செ. சாரிடம் நான் எதுவும் கேட்கவில்லை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "நல்லதாப் போச்சு. அவரு வந்திருந்தா, நீ சொல்லிக் கொடுத்ததுன்னு இவன் கையெழுத்தே போட்டிருக்க மாட்டான். ரெண்டடிதானே, போவுது. இனி எவனும் கேக்க முடியாதுல்ல?"

இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மாசி 10, ஞாயிறு

வகுப்பு. முதல் தடவையாக ஆறடியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தேன்.

செ. சார் பக்கத்தில் வந்தார். "கல்லு கிடைச்சுதுங்களா?"

"கிடைச்சுது சார். ரெண்டடி போச்சு."

"கல்லு சொன்னா சரிதாங்க." அவ்வளவுதான்.

வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் வைக்கலாம் என்று பிரஷ்ஷைத் தூக்கினேன்.

"வேணாம் டீச்சர். இனிமே தொடாதீங்க."

எனக்கே சொல்கிறார்! எட்ட நின்று பார்த்தேன். சரிதான். பிரஷ்ஷைத் தண்ணீரில் போட்டேன்.

"எனக்கும் இந்த அளவு வேணுங்க" என்றார். உடனே ஐந்து பேருக்கும் வேண்டும். துணி ஏது? பாயிடம் ஓடி, பாத்திரம் சுற்றி வந்த கோணிகளை வாங்கி வந்து, பிரித்து, தைத்து, தரை முழுக்க விரித்து வெள்ளை அடித்தோம். அட்டையால் நான் விசிறிக்கொண்டிருக்கிறேன், காயவே இல்லை, அதற்குள் அந்தப் பக்கம் வண்ணம் போட ஆரம்பித்துவிட்டார்கள்.